அறிந்தபின் செய்யும் ஹிம்ஸை

ஆலைகளிலிருந்து கடலில் விடப்படும் கழிவுநீருக்கு நம் தேசத்துச் சட்டம் விதித்திருக்கும் நிபந்தனைகள் பல. அவற்றுள் ஒன்று மட்டும், மற்றவற்றைப் போல வெறும் ரசாயனக் கணக்காக இராமல், உயிருள்ள ஒரு பிராணியைச் சாட்சியாக அழைக்கிறது. 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளைச் சேர்ந்த அட்டவணை, எண்ணெய்ப் பிசுக்கு இவ்வளவு, ஈயம் இவ்வளவு, பாதரசம் இவ்வளவு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, நன்னீர் சிறிதும் கலவாத அந்தக் கழிவுநீரிலேயே மீன்களை விட்டால் 96 மணி நேரம் கழிந்த பின்னும் நூற்றுக்குத் தொண்ணூறு மீன்கள் பிழைத்திருக்க வேண்டும் என்று ஒரு வரியையும் சேர்த்துவைத்திருக்கிறது. துறைமுகமும் அனல்மின் நிலையமும் உரத் தொழிற்சாலையும் உப்பளமும் ஒரே கரையில் அடுத்தடுத்து அமைந்திருக்க, அவற்றுக்கு எதிரே மன்னார் வளைகுடாவின் தீவுகளும் பழைய முத்துப் பார்களும் கிடக்கிற தூத்துக்குடியில் வாழ்பவர்களுக்கு இந்த வரி ஏட்டோடு நின்றுவிடும் செய்தியன்று. நம்முடைய கடலுக்குக் காவலாக வைக்கப்பட்ட வரி அது. ஆனால் அந்தக் காவலுக்கு விலை கொடுப்பது மீன்.

சோதனை நடக்கும் விதம் எளிமையானது. ஒத்த அளவுள்ள சிறுமீன்கள் பத்தினை, முதல் நாளே இரையை நிறுத்தி, காற்றுக்குழாய் பொருத்திய கண்ணாடித் தொட்டியில் விடுகிறார்கள். பக்கத்திலேயே நல்ல நீருள்ள இன்னொரு தொட்டியில் ஒப்பீட்டுக்காக வேறு பத்து மீன்கள் நீந்திக்கொண்டிருக்கும். நீர் கெட்டதாயின் செவுள்மூடிகள் முதலில் படபடவென்று அடித்துக்கொள்ளும். பிறகு மீன் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூடும். அதற்கும் பிறகு நிலை தவறி ஒரு பக்கமாகச் சாய்ந்து, சில நேரம் வட்டமாகச் சுற்றி, அடியில் போய்க் கிடக்கும். அசையாமல் கிடப்பதைப் பரிசோதகர் கண்ணாடிக் குச்சியால் வாலடியில் மெல்லத் தொட்டுப் பார்த்து, அப்போதும் அசைவில்லையென்றால் இறந்ததாக எழுதிக்கொள்வார். ஒன்று இறந்தால் கழிவுநீர் தேறிற்று. இரண்டு இறந்தால் தேறவில்லை. நஞ்சு என்று அறிவதற்காக ஒரு ஜீவனை நஞ்சில் இடுவதற்கு நமக்கு என்ன அதிகாரம் என்ற கேள்வி, இந்தச் சின்னத் தொட்டியின் முன்னால் நிற்கும்போது, பெரிய ஆராய்ச்சி நிலையங்களின் எலிகளையும் முயல்களையும் பற்றி நூல்களில் படிக்கும்போது தோன்றுவதைவிடக் கூர்மையாகவே தோன்றுகிறது.

தினந்தோறும் படகு படகாக மீன் வந்து இறங்குகிற ஊரில், தொட்டியில் சாகும் பத்து மீனுக்காகத் தர்ம விசாரம் செய்வது பொருந்துமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், அதை ஒதுக்கிவிட்டு மேலே செல்வது நேர்மையாகாது. இதற்கு விடை தேடுபவன் இந்த மாவட்டத்தை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. எட்டாம் ஒன்பதாம் நூற்றாண்டுகளில் சமண ஆசிரியர்களும், குரத்தியர் என்று கல்வெட்டுக்களில் பெயர் பெற்ற பெண் ஆசிரியர்களும் வாழ்ந்து போதித்த கழுகுமலை இங்கேதான் இருக்கிறது. அந்தப் பாறையில் வரிசை வரிசையாக அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரர்களின் சமயம், ஹிம்ஸையை ஒரே பெயரிட்டு ஒரே கூடையில் போட்டுவிடாமல் நால்வகையாகப் பிரித்துப் பார்த்தது. அடுப்பு மூட்டுவதிலும் வீடு கூட்டுவதிலும் நேர்வது ஆரம்ப ஹிம்ஸை. உழவு முதலான ஜீவனோபாயத்தில் நேர்வது உத்யோக ஹிம்ஸை. தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காக்கப் போராடுகையில் நேர்வது விரோத ஹிம்ஸை. கொல்வதென்று மனத்தில் தீர்மானித்துச் செய்வது சங்கல்ப ஹிம்ஸை. இல்லறத்தான் முதல் மூன்றையும் இயன்ற மட்டும் குறைத்துக்கொள்ள வேண்டும்; நான்காவதை முற்றிலும் விட்டுவிட வேண்டும் என்பது அவர்கள் வகுத்த விரதம்.

மீன்பிடித்தலை அச்சமயம் உத்யோகம் என்று சொல்லி மன்னித்தது என நான் வாதிக்க வரவில்லை. அது அவர்கள் விலக்கிய தொழில்களில் ஒன்றே. நான் எடுத்துக்கொள்வது அந்தப் பாகுபாட்டின் உள்ளே இருக்கும் நியாயத்தை. உயிர் போயிற்று என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பாவத்தை அளக்காமல், செய்தவன் எந்த நிர்ப்பந்தத்தில் நின்றான், அவனுக்கு வேறு வழி இருந்ததா, அது அவனுக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்கும் நியாயம் அது. இதை ஒப்புக்கொண்டால் ஒரு விளைவும் உடன் வருகிறது: ஒரே செயல், செய்பவனுடைய கை சிறிதும் மாறாமலே, ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்குப் போய்விடக்கூடும். மீனை நஞ்சிலிட்டுப் பார்ப்பதைத் தவிரக் கழிவுநீரின் தன்மையை அறிய வேறு மார்க்கமே இல்லாத காலத்தில் அந்தச் சோதனை, கடலையும் கடலை நம்பியவர்களையும் காக்கும் முயற்சியில் நேர்ந்த ஹிம்ஸை. வேறு மார்க்கம் கண்டுபிடிக்கப்பட்டு, அது பரிசீலிக்கப்பட்டு, நம்பத்தக்கதென்று தேர்ந்தும் ஆயிற்று என்றால், அதற்கு மறுநாள் அதே தொட்டியில் அதே பத்து மீன்களை விடுவது சங்கல்ப ஹிம்ஸை. வலை வீசப் போகிறவனுக்குப் படகுக் கடனும் வீட்டிலே அடுப்பும் இருக்கின்றன. ஆய்வுக்கூடத்துக்கு அப்படிப்பட்ட நிர்ப்பந்தம் கிடையாது, அதற்கு இருப்பது பழக்கமே. ஆகையால் மீன் உண்பவனும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்பது மட்டுமன்று, கேட்கவும் வேண்டும்.

இவ்விடத்தில் ஜீவகாருண்யம் பேசுவோர் பலர் அவசரப்பட்டுவிடுகிறார்கள். சோதனையை நிறுத்திவிட்டால் போதும், தர்மம் நிலைத்துவிடும் என்று அவர்கள் கருதுகிறார்கள். அந்தச் சோதனைகள் எதிலிருந்து பிறந்தன என்பதை மறந்துவிடுகிறார்கள். 1958-ஆம் ஆண்டில், கோதுமை மாவும் சர்க்கரையும் ஏற்றிக் கேரளக் கரைக்கு வந்த கப்பலில், உடன் ஏற்றப்பட்ட பாரத்தியான் என்னும் பூச்சிமருந்து கசிந்து அந்த உணவுச் சரக்கில் கலந்தது. அதை உண்டவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கப்பலும் சரக்கும் எவ்வளவு சாதாரணமானவை என்பதைத் துறைமுகப் பட்டினத்தில் வாழும் எவரும் அறிவர். அந்த மரணங்களைத் தொடர்ந்த விசாரணையின் பயனாக வந்ததே 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம். புதிய மருந்தைப் பதிவு செய்ய எலி, முயல், மீன், பறவை, தேனீ ஆகியவற்றின் மீது அதன் விளைவு என்ன என்று காட்டவேண்டும் என்ற ஏற்பாடு அச்சட்டத்தின் கீழ் அமைந்தது. கொடுமையில் பிறந்த ஏற்பாடென்று அதை யாரும் சொல்ல முடியாது. மனிதர்மேல் கொண்ட இரக்கத்திலேதான் அது பிறந்தது. 1984-இல் போபாலில் மெத்தில் ஐசோசயனேட் காற்றில் கலந்தபோது, அதைச் சுவாசித்தவர்களுக்கு என்ன சிகிச்சை செய்வதென்று மருத்துவர்கள் தடுமாறினார்கள். அந்த வாயு உடலை என்ன செய்யும் என்பதைப் பற்றி அதுவரை அறியப்பட்டிருந்தது மிகச் சொற்பம். சோதிக்கப்படாத ரசாயனம் சோதனையிலிருந்து தப்பிவிடுவதில்லை. வேலிக்கு வெளியே குடியிருக்கும் ஏழைகள்மீதும், கழிவுநீர் வாய்க்கால் கடலைத் தொடும் இடத்திலுள்ள குஞ்சுமீன்கள்மீதும் அது தானே தன்னைச் சோதித்துக்கொள்கிறது. 2018-ஆம் ஆண்டு மே மாதம் இந்நகரத்தில் தாமிர உருக்காலையை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியும், அதில் துப்பாக்கிக் குண்டுக்குப் பதின்மூன்று உயிர்கள் பலியானதும், காற்றையும் நீரையும் பற்றிச் சொல்லப்படும் வார்த்தையில் ஒரு ஜனசமூகத்துக்கு நம்பிக்கை அற்றுப்போனால் என்ன நேரும் என்பதற்கு நம் கண்முன் நின்ற சாட்சி. அறியாமையோடு கூடிய அஹிம்ஸை, ஹிம்ஸையை இடம் மாற்றி வைக்கிறதேயன்றிக் குறைப்பதில்லை.

அப்படியானால் பிராணிகளைப் பலியிட்டாவது சோதிப்பதே தர்மம் என்று முடிவு கட்டலாமா என்றால், அந்தப் பலியினால் கிடைக்கும் அறிவு எத்தகையது என்றும் பார்க்க வேண்டும். கப்பலின் அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருப்பதற்காக, ட்ரைபியூட்டில்டின் என்னும் வெள்ளீயச் சேர்மத்தைக் கலந்த வர்ணத்தை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகமெங்கும் பூசினார்கள். பிரான்ஸ் தேசத்து ஆர்க்கஷோன் விரிகுடாவில், பரம்பரையாகச் சிப்பி வளர்ப்போர் 1970-களின் இறுதியில் திகைத்து நின்றார்கள்; சிப்பிகள் குஞ்சு பொரித்தும் குஞ்சு தங்கவில்லை, வளர்ந்த சிப்பிகளின் ஓடோ அளவுக்கு மீறித் தடித்து உருக்குலைந்தது. வேறு கரைகளில் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்து, இனமே பெருகாமல் அற்றுப்போன இடங்களும் உண்டு. இத்தனைக்கும் காரணமான அளவு, ஒரு லிட்டர் நீரில் சில நானோகிராம். 1982-இல் பிரான்ஸ் சிறுபடகுகளுக்கு அவ்வர்ணத்தைத் தடுத்தது. உலகக் கப்பல்களுக்கெல்லாம் தடை விதிக்கும் சர்வதேச உடன்படிக்கை 2001-இல் எழுதப்பட்டு 2008-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

சங்கும் முத்துச்சிப்பியும் வாழும் கரையிலே பெரிய துறைமுகம் ஒன்றையும் வைத்திருக்கும் நாம் இந்தச் சரித்திரத்தை நிதானமாக யோசிக்க வேண்டும். எத்தனை எலிகளைக் கொன்று கேட்டிருந்தாலும், பெண் நத்தைக்கு நேரப்போவதை எலி சொல்லியிராது. நான்கு நாளில் மீன் செத்ததா பிழைத்ததா என்ற கேள்விக்குள் அந்த விடை அடங்கவே இல்லை. அந்தச் சேர்மம் உயிரணுவின் உட்கருவிலுள்ள ஓர் ஏற்பியைப் பற்றிக்கொண்டு, ஹார்மோனின் வேலையைத் தானே செய்துவிடுகிறது என்பதை 2004-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். ஏற்பியோடு ஒட்டுகிறதா இல்லையா என்பதைச் சோதனைக் குழாயிலேயே பார்த்துவிடலாம். பழைய முறை கொடுமையானது என்பதோடு மந்தமானதும்கூட என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். 1927-இல் ட்ரெவன் என்பவர் வகுத்துக் கொடுத்த, பாதிப் பிராணிகள் சாகும் அளவைத் தேடும் முறை முக்கால் நூற்றாண்டு ஆட்சி செய்த பிறகு, அதன் மூல வடிவம் 2002-இல் சர்வதேச வழிகாட்டிகளிலிருந்து நீக்கப்பட்டதற்கு இரக்கம் மட்டும் காரணமன்று. அத்தனை உயிர்களைக் கொன்று கிடைத்த எண்ணின் மதிப்பு அவ்வளவுதான் என்பதும் அதற்குள் தெரிந்துபோயிற்று.

மீனுக்குப் பதில் என்ன என்று கேட்டால், இன்று அதற்கு விடை இருக்கிறது. கனடா தேசத்து வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 1990-களில் வானவில் ட்ரௌட் மீனின் செவுளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட உயிரணுக்கள், அந்த மீன் போய் எத்தனையோ காலம் கழிந்த பின்னும், பாத்திரங்களில் பெருகிக்கொண்டே வருகின்றன. அவற்றைச் சிறு குழிகள் கொண்ட தட்டில் பரப்பி, சோதிக்க வேண்டிய நீரை ஒரு நாள் படவிட்டு, மூன்று வகைச் சாயங்கள் ஒளிரும் அளவைக் கொண்டு உயிரணுவின் வளர்சிதைமாற்றம் நடக்கிறதா, சவ்வு கிழிந்ததா, உள்ளறைகள் சிதைந்தனவா என்று தனித்தனியே கண்டுகொள்கிறார்கள். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி நிறுவனம் இதனை 2021-இல் தன் 249-ஆம் சோதனை வழிகாட்டியாக ஏற்றது. தமிழ்நாட்டிலும் இதற்கு முன்னோடிகள் இருக்கிறார்கள் என்பதைப் பெருமையோடு சொல்ல வேண்டும். மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியில் பேராசிரியர் சாகுல் ஹமீதும் அவருடைய மாணவர்களும் கொடுவா முதலிய நம்முடைய மீன்களிலிருந்தே உயிரணு வரிசைகளை உருவாக்கி, பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரை ஒருபுறம் மீன்களிலும் மறுபுறம் அம்மீனினத்தின் உயிரணுக்களிலும் சோதித்து, இரண்டின் முடிவுகளும் ஒன்றையொன்று தழுவிச் செல்வதைக் கண்டு வெளியிட்டார்கள். கழிவுநீரால் ஆறு கெட்ட ஒரு வட்டாரத்தில், அந்தக் கழிவுநீரையே எடுத்துவைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்தது எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது. திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் 2009-இல் தொடங்கிய மகாத்மா காந்தி டோரன்காம்ப் மையமும், கல்விக்கூடங்களில் தவளையையும் எலியையும் அறுக்காமலே கற்பிக்கும் வழிகளைப் பரப்ப உழைத்திருக்கிறது.

உயிரணு வளர்ப்பு முற்றிலும் தூய்மையானதென்று சொன்னால் அது உண்மையாகாது. தட்டிலுள்ள உயிரணுக்களை வளர்க்கப் பெரும்பாலும் ஊற்றப்படுவது, கசாப்புக்கூடத்தில் சினைப்பசுவின் வயிற்றிலிருந்த கன்றின் இரத்தத்திலிருந்து எடுக்கப்பட்ட சீரம். அதற்கும் மாற்று தேடி வருகிறார்கள். ஆனால் தேடல் முடியவில்லை.

இதைவிட ஆழமான ஐயம் ஒன்று, மாற்று என்ற பெயரில் பலியை ஏணியின் கீழ்ப்படிக்கு இறக்கிவிடுவதைப் பற்றியது. ஊசிமருந்தில் காய்ச்சலூட்டும் நுண்ணுயிர் நச்சு இருக்கிறதா என்று பார்க்க, முயலின் காதுச் சிரையில் அதைச் செலுத்தி உடற்சூட்டை அளந்தார்கள். பின்பு முயலை விட்டுவிட்டு, குதிரைலாட நண்டின் நீலநிற இரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். முயல் தப்பியது, நண்டு அகப்பட்டது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் டிங் ஜியாக் லிங், ஹோ பாவ் என்ற தம்பதியர் அந்த இரத்தத்திலுள்ள புரதத்தை மரபணு வழியாக ஆய்வுக்கூடத்திலேயே ஆக்கிக் காட்டிய பிறகுதான் நண்டுக்கும் விடுதலைக்கான வழி பிறந்தது. மீனுக்குப் பதில் மீனின் கருவையும் சிப்பியின் குஞ்சையும் வைத்துச் சோதிக்கும் முறைகளும் இப்படி ஒரு படி கீழே இறங்கி நிற்பவை.

சங்கு சிப்பி இனத்தைத் தொல்காப்பியத்தின் மரபியல், தொடுவுணர்வும் சுவையுணர்வும் மட்டும் பெற்ற ஈரறிவுயிர்களுள் வைத்தது. சமண சாஸ்திரமும் அவற்றை இரண்டு இந்திரியமுள்ள ஜீவன்களாகவே எண்ணிற்று. இந்த அறிவுப் படிவரிசையைக் காட்டி, கீழே இருப்பதைப் பலியிடலாம் என்று வாதிப்பவர்கள், அதை வகுத்தவர்கள் எதற்காக வகுத்தார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். புல்லும் மரமும்கூட உயிர்க்கணக்கில் அடங்கும் என்று காட்டுவதற்கே படிகள் கீழ்வரை கட்டப்பட்டன. வேதனையின் அளவில் ஏற்றத்தாழ்வு உண்டென்பதை நான் மறுக்கவில்லை. முயலும் சிப்பிக்குஞ்சும் ஒன்றே என்று சொல்பவன் முயலுக்குத்தான் அநீதி செய்கிறான். ஆயினும் படியிறங்குவதை இடைத்தங்கல் என்று கொள்ளலாமே தவிர, போய்ச் சேர்ந்த ஊர் என்று கொள்ளலாகாது.

சிப்பியைப் பற்றிப் பேசும் தகுதி இந்தக் கரைக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. முத்துச் சலாபம் நடந்த காலங்களில் குளியாட்கள் அள்ளிவந்த சிப்பிகளைக் கரையில் குவித்து, ஈ மொய்த்துப் புழு வைத்து, தசை முழுதும் அழுகிக் கரையும்வரை நாட்கணக்காக விட்டுவைத்து, பிறகு தொட்டியிலிட்டு அலசி, அடியில் தங்கிய மணலைச் சலித்து முத்தைப் பொறுக்கினார்கள். 1905-ஆம் ஆண்டில் எதிர்க்கரையான இலங்கையில் நடந்த ஒரு சலாபத்தில் மட்டும் எடுத்த சிப்பிகள் எட்டுக் கோடி. தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961-இல் நடந்தது. முத்து ஆபரணம், அதற்காகச் செத்தது உயிர்க்கூட்டம். மூழ்கிய மனிதனின் வறுமையை நான் குறை கூறவில்லை. அணிந்தவர்களின் அலங்காரம் வேறு கணக்கு. 1944-இல் டிரைஸ் என்ற அமெரிக்கர் வகுத்த முறைப்படி, வெண்முயலின் கீழிமையை இழுத்து அதனுள் சோதனைப் பொருளை இட்டு, கருவிழி மங்குகிறதா, சிவந்து நீர் வடிகிறதா என்று நாட்கணக்காகக் குறித்துக்கொண்டதும், பெரும்பகுதி மையும் சாந்தும் சோப்பும் விற்பதற்காகத்தான். இந்தியா 2014-இல் அழகுசாதனப் பொருள்களைப் பிராணிகள் மேல் சோதிப்பதையும், அப்படிச் சோதித்தவற்றை இறக்குமதி செய்வதையும் தடை செய்தது. அலங்காரத்திலிருந்து தொடங்கியது முறையே. 2023-இல் புதிய மருந்துகளுக்கான விதிகளிலும் திருத்தம் வந்து, உயிரணு வளர்ப்பு, உறுப்புச் சில்லு, கணினி மாதிரி ஆகியவற்றின் முடிவுகளையும் ஏற்கலாம் என்றாயிற்று. ஆலைக் கழிவுநீரின் முறை இன்னும் வரவில்லை.

பனிமய மாதா ஆலயத்தின் நிழலில் வாழும் கத்தோலிக்க மக்களுக்கு அவர்களுடைய திருச்சபையின் 1992-ஆம் ஆண்டு மறைக்கல்வி நூல், மனித உயிரைக் காக்க உதவும் சோதனைகளை நியாயமான எல்லைக்குள் அனுமதிக்கிறது. காரணமின்றிப் பிராணிகளை வதைப்பது மனித மாண்புக்கே இழுக்கு என்றும் கூறுகிறது. காயல்பட்டினத்துப் பள்ளிவாசல்களில், பூனையைக் கட்டிவைத்து உணவின்றிச் சாகவிட்ட பெண் நரகம் புகுந்த செய்தி நபிமொழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. சமணர்கள் விட்டுப்போன கேள்வியை, இன்று இக்கரையில் பெருந்தொகையாக வாழும் சமயத்தார் எவரும் அந்நியமாகக் கருத வேண்டியதில்லை.

செய்ய வேண்டியதோ சமயத் தத்துவத்தோடு நின்றுவிடுவதன்று. ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் தனி மசோதா கொண்டுவந்து, அரசே சட்டம் செய்யும் என்று நேரு அளித்த உறுதியின் பேரில் அதை விட்டுக்கொடுத்து, அதன் பயனாக 1960-இல் நிறைவேறிய பிராணிவதைத் தடுப்புச் சட்டம், மனிதரல்லாத எந்த ஜீவனும் பிராணியே என்று வரையறுக்கிறது; பிராணிகள் மீதான பரிசோதனையைத் தவிர்க்கக்கூடிய இடத்தில் தவிர்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஒரே அரசின் ஒரு சட்டம் மீனைத் தவிர் என்கிறது. அதே அரசின் இன்னொரு விதி மீனைக் கொண்டுவா என்கிறது. இந்த முரணைத் தீர்க்கும் வேலையைத் தூத்துக்குடியிலேயே தொடங்கலாம். இங்கே மீன்வளக் கல்லூரி இருக்கிறது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கிளை இருக்கிறது. 1973-இல் வேப்பலோடையில் டாக்டர் அழகர்சாமி முதன்முதல் உருண்டை முத்தை வளர்த்தெடுத்த பரம்பரை அந்தக் கிளையினுடையது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இப்போது மீன் சோதனைக்கென்று எடுக்கும் ஒவ்வொரு கழிவுநீர் மாதிரியிலும் ஒரு பங்கை இவ்விடங்களுக்கு அனுப்பி, கொடுவா மீனின் உயிரணுக்களிலும் அதைச் சோதிக்கச் செய்து, இரு முடிவுகளையும் பக்கம் பக்கமாக எழுதி ஊரார் பார்க்க வெளியிட வேண்டும். அதற்கான செலவைக் கழிவுநீரை விடுகிற ஆலைகளே ஏற்கட்டும். உயிரணு காட்டத் தவறியதை மீன் காட்டினால் அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். இரண்டும் ஒத்துவருகின்றன என்பது போதிய மாதிரிகளால் நிலைபெற்றவுடன், அந்த ஏட்டையே சான்றாக வைத்து, அட்டவணையிலுள்ள அந்த ஒரு வரியைத் திருத்தும்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.